ஏழுறங்கி நாள்

ஜூன் இருபத்தேழு, காலை ஏழரை.
மழைமானியின் தகரக் கழுத்தைத் திருகி
உள்ளே பார்க்கிறேன்.
ஒன்றுமில்லை.
ஓர் எறும்பு மட்டும், உலர்ந்து.

பூஜ்யம் என்று எழுதுமுன்பே
வேலிக்கு அப்பால் வெண்டலின்
டிராக்டரை அணைக்காமல் கத்துகிறார்:
"என்ன சொல்கிறது உன் டப்பா?
இன்று ஏழுறங்கி நாள்!
இன்று எப்படியோ அப்படியே ஏழு வாரம்."
ரோன் குன்றுச் சரிவில் புல்
முழங்காலைத் தாண்டி நிற்கிறது.
அறுத்துப் போட்டபின் நனைந்தால்
குளிர்காலம் முழுக்க அவர் மாடுகள்
பூஞ்சையைத்தான் மெல்லும்.

இந்த நாள் யாருடையது என்று கேட்டால்
பள்ளிப் பிள்ளைகள் எலியை வரைவார்கள்.
சாம்பல் எலி, அணில் வால்,
கொழுத்துப்போய் மண்ணுக்குள் சுருண்டு
ஏழு மாதம் எழாத எலி.
யோரின் வரைந்த எலிக்குத் தலையணைகூட உண்டு.
எலிக்கு இதில் பங்கில்லை.
பெயர்தான் ஒன்று.

எபேசு நகரத்து இளைஞர் ஏழு பேர்
பேரரசனுக்குப் பயந்து குகைக்குள் போனார்கள்.
வாயிலில் கல்லடுக்கிப் பூசிவிட்டான்.
உள்ளே ஓர் இரவு.
வெளியே இருநூறு வருஷம்.
எழுந்ததும் பசி, வேறென்ன?
ஒருவன் ரொட்டி வாங்கப் போகிறான்.
கடைக்காரன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்:
"புதையல் எங்கே எடுத்தாய்?"
அதில் செத்துப்போன பேரரசனின் மூக்கு.

இந்தக் கதைக்குள் மழை எப்படி வந்தது?
எனக்குத் தெரியாது.
உலர்புல்லுக்கு ஒரு தேதி வேண்டியிருந்திருக்கும்.
பக்கத்தில் புனிதர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.
கயிற்றை அங்கே கட்டிவிட்டார்கள்.

பிறகு ரோமில் ஒரு போப்
பத்து நாளை வெட்டி எறிந்தார்.
நான்காம் தேதி படுத்தவர்கள்
பதினைந்தாம் தேதி எழுந்தார்கள்.
அந்த மாத வாடகை குறைந்ததா என்று
எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.
சூரியன் எதையும் கவனிக்கவில்லை.
ஏழு பேர் மட்டும் எண்ணைப் பிடித்துக்கொண்டு
இருபத்தேழிலேயே படுத்திருக்கிறார்கள்,
அவர்களுடைய வானம்
ஜூலை ஏழுக்கு நகர்ந்த பிறகும்.

வெண்டலினிடம் சொன்னேன். போன வருஷமும் சொன்னேன்.
ஜூலை முதல் வாரம்தான் மேலே காற்று
ஒரு தடத்தில் அமரும்,
அமர்ந்தால் பத்தில் ஆறு வருஷம் நகராது.
"மீதி நாலு?"
"மீதி நாலில் உங்கள் மாடுகளுக்கு
ஆண்டவர்தான் துணை."

நாலு மணிக்கு, ரொட்டிக்கடை வாசலில் நிற்கையில்
ஒரு மேகம் வந்தது.
ஒரே ஒரு மேகம், வேறு வீட்டுக்கு அனுப்பிய பையன்
வழி தவறி வந்தாற்போல.
ஏழு நிமிஷம் தூறியது. எண்ணினேன், தொழில் புத்தி.
ரோஸ்விதா மாவுக் கையோடு வெளியே வந்து
"மழைதான்" என்றாள்.
"தூசிகூட அடங்கவில்லை, இது என்ன மழை?" என்றார்
தபால்காரர் கெர்னோட்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
"நாளைக் காலை ஏழரைக்குத்தான் தெரியும்."
சட்டம் அப்படி.

பந்தயத்தில் தோற்றதாகத் தானே முடிவுசெய்து
வெண்டலின் கோட்டுப் பையைத் துழாவி
எங்கள் ரொட்டிக்கும் சேர்த்துக் காசு வைத்தார்.
ரோஸ்விதா எடுத்தாள். திருப்பினாள்.
மறுபடி திருப்பினாள்.
ஐந்து மார்க், கழுகு தேய்ந்து.
"இது கடையில் செல்லாமல் போய் இருபது வருஷமாச்சு.
எந்தக் குகையிலிருந்து எழுந்து வருகிறீர்கள்?"
அவர் சிரிக்கவில்லை.
பையின் உள்தையலைத் தடவினார்.
"அண்ணனின் கோட்டு," என்றார்.
"இன்றுதான் முதல் தடவை போட்டேன்,
மழை வருமோ என்று."

மறுநாள் காலை ஏழரை.
குடுவைச் சுவரில் ஈரம் இருந்தது,
அளக்கிற அளவுக்கு இல்லை.
அதற்கும் ஒரு குறி உண்டு எங்கள் ஏட்டில்:
பெய்தது, எண் இல்லை.
அதைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால்
வேலிக்கு அப்பால் பாதி வயல் அறுத்துக் கிடக்கிறது.
மீதிப் பாதியை
ஜூலை ஏழுக்கு வைத்திருக்கிறாராம்.